ஓர்ப்பூட்டின் நுனியைக் கிள்ளியது யார்?

நான் வேலை பார்த்த நாற்றங்காலிலிருந்து போன மாதம் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். வரும்போது ஆரஞ்சுப் பழம் வேறு வாங்கி வந்திருந்தார்கள். பழத்தோடு வருகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. "எதுக்குட்டி வந்திருக்கிய?" என்று நேராகவே கேட்டேன். இப்போது தடித்த இலைச் செடிகளுக்குத்தான் கிராக்கியாம். உள்ளங்கை அகலச் சட்டியில் நட்டு, மேலே வெள்ளைக் கூழாங்கல் தூவி, பெங்களூருக்கும் சென்னைக்கும் பார்சல் அனுப்புகிறார்களாம். "கடக்கரை ஓர்ப்பூட்ட நீங்கதான் இங்கன வளத்தீகளாமே. எப்படின்னு எழுதிக் குடுங்கக்கா, குரூப்புல போடுதோம்" என்றாள் ஒருத்தி.

என்னிடம் கறந்துகொண்டு என் பெயரை விட்டுவிடுவார்களோ என்று யோசித்தேன். எழுதித் தருகிறேன், ஆனால் நடந்ததை முழுசாக எழுதுவேன், நடுவில் ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். வெட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், சாலையை விட்டு மலைப்பக்கம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் நாற்றங்கால். பாலித்தீன் பையில் மண் நிரப்பச் சேர்ந்தேன். பிறகு விதை, பிறகு பதியன், பிறகு மா ஒட்டு, கடைசியில் சூப்பர்வைசர். குனிந்தே கிடந்ததில் இடுப்பு போனது தவிர அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவேன். புதுச் செடி வந்தால் தனிக் கொட்டகையில்தான் வைப்பேன், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மணலை அலசி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஆறவைத்த பிறகுதான் தொடுவேன். வேலைக்கு வருகிறவர்களின் கையையும் பார்ப்பேன். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதே கையோடு நாற்றைத் தொடுகிற ஊர் இது. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'சி.ஐ.டி. அக்கா' என்று பெயர். தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

எங்கள் மேனேஜர் ஞானராஜ் சார் எனக்கு நேர் எதிர். குரலே உயராது. என்ன சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "அப்படியா... பாப்பமே" என்பார். அந்த 'பாப்பமே'க்குள் சம்மதமும் இருக்கும், மறுப்பும் இருக்கும். நாம்தான் பிரித்தெடுக்க வேண்டும். ஒருவர் மேல் அவருக்கு வருத்தம் என்றால் திட்ட மாட்டார். அந்த ஆளுக்கு மட்டும் தனியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த டீ தொண்டையில் இறங்காது.

ஒரு சித்திரை மாதம், நல்ல வெயில் நேரம், அந்தோணி அண்ணாச்சி என்று ஒரு பெரியவர் வேனில் வந்து இறங்கினார். கடற்கரை ஊர்க்காரர், ஊர்க் கமிட்டியில் இருப்பவர். கையில் ஈரச்சாக்கு. அதற்குள் கொடி கொடியாகச் சிவந்த தண்டும், தடித்த பச்சை இலையும். கடல் அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் வரை ஏறி வந்துவிட்டது. தடுப்பதற்குப் பாறாங்கல் கொட்டி, பின்னால் புது மணலை மேடாகப் போட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் அந்த மணல் பறக்கிறது.

"முன்ன இந்த ஓர்ப்பூடுதான்மா மணலப் புடிச்சு வச்சிருந்துச்சு. கல்லக் கொட்டுனதுல செடி பூரா அடியில போயிட்டு. மிச்சம் கெடந்தது இம்புட்டுதான். இதப் பெருக்கிக் குடுங்க. ஐப்பசி மழைக்கு முன்ன நட்டுறணும்" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம். கடற்கரையை விட்டுவிட்டு இவர் எதற்கு மலையடிவாரத்துக்கு வருகிறார்? கேட்டேவிட்டேன். "அங்கனயெல்லாம் கேட்டாச்சும்மா. களையப் போயி எவனாவது வளப்பானான்னு சிரிச்சானுவ. இங்கன ஒரு கல்யாணத்துக்கு வந்தப்ப சார்ட்டச் சொன்னேன். சார் சிரிக்கல" என்றார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு கரையிலிருந்து இதே செடியை அள்ளி வந்து நட்டால் போதுமே என்று சார் சொல்லிப் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். எங்கள் மணலில் கிடந்ததுதான், அங்கே புதைந்து கிடக்கிற எங்கள் ஆட்கள் மேல் படர வேண்டும் என்றார். நான் சாக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

சாக்கைப் பிரித்ததும் ஓடி வந்தவள் ரெஜினா. அவளும் கடற்கரைப் பிள்ளைதான், வேறு ஊர். அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்து, எங்களிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு கொத்தை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாள். "எங்க வீட்டு வாசல் மணல்ல பூரா இதான்க்கா" என்றாள். அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, ஆறாம் மாதத்தில் பிரஷர் ஏறிப் போனது. இந்தத் தடவை உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளையாவது தங்கணும்க்கா என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாளோ தெரியாது. எனக்குப் பிள்ளை கிடையாது. குனிந்து நிமிர வேண்டாம், மேஜை உயரத்து வேலைதானே என்று ஓர்ப்பூட்டுத் தட்டுகளை அவள் பொறுப்பிலேயே விட்டேன்.

வளர்த்த விதம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். நுனித் தண்டை விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே, பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் கூடாது, நசுக்கிவிடும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு நிழலில் சாக்கின் மேல் பரப்பி, வெட்டுவாய் காயும் வரை போட்டு வைக்க வேண்டும். வாடிவிட்டதே என்று பதறி உடனே ஊன்றினால் அழுகிப்போகும். ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்தால் போதும், தொழுவுரம் ஒரு பிடிகூட வேண்டாம். தலையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிட வேண்டும். வேர் பிடித்துவிட்டால் பிறகு அதுவே ஓடும். மணலில் படுத்த கணுவெல்லாம் வேர் விடும். வெயில் ஏறிய பிறகு சட்டைப் பித்தான் அளவுக்கு ரோஸ் பூ விரியும். மேகம் போட்டால் விரியாது.

எங்களுக்கு வந்த வினையே மேகம்தான். ஆனியில் சாரல் ஆரம்பித்ததும் குற்றாலம் பூராவும் குதூகலம், எங்கள் நாற்றங்காலில் மட்டும் எழவு வீடு. ஓர்ப்பூட்டுத் தண்டெல்லாம் நனைந்த பஞ்சு மாதிரி கருத்து விழுந்தது. நான் மணலைச் சந்தேகப்பட்டேன், பிளேடைச் சந்தேகப்பட்டேன், எல்லோரையும் சீயக்காய் போட்டுக் கையைக் கழுவவைத்தேன். அழுகல் நிற்கவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. பெரியவரின் சாக்கில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும் போலிருந்தது.

சார் வந்து பார்த்தார். தட்டுத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பாக்கியம், இந்தத் தண்ணி ரொம்ப நல்ல தண்ணி. இதுக்கு ஆகாது" என்றார். பிறகு மேலே பாலித்தீன் போட்டு நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிடச் சொன்னார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நான் அரண்டுபோனேன். தட்டுத் தண்ணீரில் கஞ்சிக்குப் போடுகிற அளவு கல்லுப்பு கரைக்க வேண்டுமாம்.

"சார், உப்பு பட்டா நாத்து செத்துரும் சார்."

"கடல்ல பொறந்ததும்மா அது. பாப்பமே."

இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார், ஆர்டரை ஊற்றி மூடத்தான் இப்படிச் செய்கிறார் என்றுகூட நினைத்தேன். ஆனால் உப்புத் தண்ணீர் உறிஞ்ச ஆரம்பித்த பிறகு அழுகல் நின்றது. தண்டு சிவந்தது, இலை கெட்டிப்பட்டது. பாலித்தீனால் நின்றதா உப்பால் நின்றதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆவணியில் தட்டு நிறைந்து வழிய ஆரம்பித்தது.

அப்போதுதான் நுனிகள் காணாமல் போயின.

முதலில் ஒரு தட்டின் ஓரத்தில், பிறகு நடுவில். நுனியில் நான்கைந்து இலையோடு கிள்ளி எடுத்த அடையாளம். நத்தையாக இருக்கும் என்று மேஜைக் கால்களைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். சாம்பல் கலையவில்லை, நுனி போயிருந்தது. எலி என்றால் புழுக்கை கிடக்க வேண்டும், கடித்த இடம் பிசிறாக இருக்க வேண்டும். இது சுத்தமான கிள்ளல், நகத்தால் கிள்ளியது. ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.

வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சி ஆடு வளர்க்கிறவர். அவர் வீட்டுப் பக்கம் போய் ஆட்டுக் கொட்டிலை எட்டிப் பார்த்தேன். "என்ன தாயி, ஆடு வாங்கப் போறியளா?" என்று கேட்டார். அகத்திக்குழை தவிர ஒன்றும் இல்லை. அடுத்து பாபு. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குச் செடி ஏற்றிப் போகிற வியாபாரி. வாரா வாரம் வந்து, "சேச்சி, இது எந்தா? நல்ல பங்கியுண்டல்லோ, கொறச்சு எனக்கும் தா" என்று அதன் அழகைப் புகழ்ந்துகொண்டே ஓர்ப்பூட்டு மேஜையையே சுற்றிச் சுற்றி வருவான். இவனேதான் என்று ஒரு நாள் அவன் தோள்பையை வாங்கி எல்லோர் முன்னாலும் கவிழ்த்தேன். ஒரு சீப்பு, துண்டு, நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சார் எனக்கு மட்டும் டீ வாங்கி வரச் சொன்னார்.

இதற்கிடையில் ரெஜினாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் கூடிக்கொண்டே போகிறது. மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. ஒரு நாள் மதியம் சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள். "திருட்டுத்தனமா உப்பு திங்கேன்னு எங்க மாமியார் சொல்லுதாங்கக்கா. உப்பு ஜாடியத் தூக்கி பீரோவுல வச்சுப் பூட்டுதாங்க. ஏசு சத்தியமா நான் உப்பத் தொடல" என்றாள். நான் அவள் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூருக்கே பஸ் ஏறிப் போய்விட்டேன்.

அந்த மாமியார் ஒல்லியான மனுஷி. முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். "வீட்டுல ஊறுகா இல்ல, அப்பளம் இல்ல, கருவாட்டுத் துண்டு இல்ல. நாங்களும் உப்பில்லாமத்தான் திங்கோம். பெறகு எப்படிங்க ஏறுது பிரஷரு? எங்கனயோ திங்கா."

"ரெண்டு புள்ளயத் தொலைச்சவ அவ. வாயக் கட்ட மாட்டாளா? ஒங்களுக்கு ஈரக்கொலையே கெடையாதா? அவ டப்பாச் சோத்த நானே தின்னு பாத்தேன். அவளுக்கு நான் ஜாமீன்."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடியும் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என்ன மனுஷி என்று திட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

புரட்டாசியில் அந்தோணி அண்ணாச்சி செடியைப் பார்க்க வந்தார். தட்டுத் தட்டாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இலைகளைத் தடவிக்கொண்டே போனவர், சட்டென்று ஒரு நுனியை நகத்தால் கிள்ளி, வேட்டியில் துடைத்து, வாயில் போட்டார். நான் கத்தப் போனேன்.

"ஆத்தாடி! எங்க கடக்கரையிலகூட இம்புட்டு உப்பு ஏறாதும்மா" என்று மென்றுகொண்டே சிரித்தார். "சின்னப்புள்ளயில இதான் எங்களுக்கு மிட்டாயி. எங்க பொம்பளையாளுக்கு மாசமா இருக்கையில வாய் நமநமங்கும், இதத்தான் கிள்ளிக் கிள்ளி மெல்லுவாக."

அவர் கிள்ளிய இடத்தைப் பார்த்தேன். பக்கத்தில் திருட்டுப்போன நுனியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. நானும் ஓர் இலையைக் கடித்தேன். வாய் பூராவும் உப்பு. சாப்பாட்டில் உப்பே இல்லாத ஒரு பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். இலைக்குள் அவ்வளவு உப்பையும் ஏற்றியது நாங்கள்தான்.

ரெஜினா கொட்டகை நிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை முடிச்சில் ஈரமும், ஓரத்தில் துருத்திய ஒரு பச்சை இலையும் தெரிந்தன.

"ஏட்டி, இத எம்புட்டு நாளாத் திங்க?"

அவள் பயந்துபோனாள். "ஆர்டர் செடியில கைய வச்சது தப்புத்தான்க்கா. நுனி கிள்ளுனா கெளை வெடிக்கத்தானே செய்யும்னு..."

"செடி கெடக்கட்டும் மூதி! இது பூரா உப்புட்டி!"

"இலைதானக்கா" என்றாள், ஒன்றும் விளங்காமல். "டாக்டரம்மா உப்பத்தான வேண்டாம்னாங்க. இலைய ஒண்ணும் சொல்லலியே. கீரதான இது." பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு ரெண்டாத் தெரியுதியக்கா" என்றாள்.

அண்ணாச்சியின் வேனிலேயே அவளை ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சார் முன்சீட்டில், மடியில் ஒரு ஓர்ப்பூட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேயில்லை. டாக்டரம்மா ஓர் இலையைக் கடித்துப் பார்த்து உடனே துப்பினார். "இது ஒண்ணாலதான் பிரஷர் ஏறுச்சுன்னு சொல்ல முடியாது. ஏற்கனவே இருந்த ஆளு. ஆனா இதத் தின்னுக்கிட்டு மாத்திரை போட்டா எப்படி எறங்கும்?" என்றார். அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். "உப்பு போடச் சொன்னது நான்தாம்மா" என்று சார் அவரிடம் இரண்டு தடவை சொன்னார். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் செடிகளை லாரியில் ஏற்றினோம். ரெஜினா கிள்ளிய தட்டுகள்தான் நன்றாகக் கிளை வெடித்து அடர்ந்திருந்தன. அந்தோணி அண்ணாச்சி ஊரில் இறக்கி, ஊர்ப் பெண்களே நட்டார்கள். மழைக்குப் பிறகு மணல் மூடிப் படர்ந்துவிட்டதாகப் படம் அனுப்பினார். அந்தப் படம் கல்லறைத் தோட்டத்து மணல்மேட்டில் எடுத்ததுதானா என்று நான் பெரிதாக்கிப் பார்த்தேன், சிலுவைகள் தெரிந்தன.

செடி போன அதே வாரம், மாதம் நிறையாமலேயே ரெஜினாவுக்குப் பெண் பிறந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். நான் போனபோது பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. கோழிக்குஞ்சு அளவுக்குக்கூட இல்லை, ஆனால் காலை உதைத்துக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். வாசலில் அந்த மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். "ஜாமீன் போட்டியளே" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளே எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் சந்தேகப்பட்டதுதான் சரி. உலகத்தில் நான் ஜாமீன் நின்றது ஒரே ஒருத்திக்கு, அதுவும் இப்படிப் போய் முடிந்தது.

ரெஜினா சுவரைப் பிடித்து மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"மாடசாமி அண்ணாச்சிய சந்தேகப்பட்டிய. பாபு பையக் கவுத்தியளாம். நத்தைக்குக்கூட சாம்பல் போட்டிய. செடிகிட்டயே நின்ன என்ன ஒரு வார்த்த கேக்கலியேக்கா?"

"ஒன்னயச் சந்தேகப்பட மனசு வரலட்டி" என்றேன்.

"வந்திருக்கணும்க்கா" என்றாள் ரெஜினா.